லிட்டருக்கு ரெண்டு சொட்டு

— முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது. பாத்தீங்களா?

— பாத்தேன்.

— எதைப் பாத்தீங்க? ஜன்னலையில்ல பாத்துட்டிருந்தீங்க.

— ஒரு கண்ணு ஜன்னல்ல, ஒரு கண்ணு உன் சொட்டுல. இருபது லிட்டர் கேன், லிட்டருக்கு ரெண்டு சொட்டு, ஆக நாப்பது. சரியா வந்துச்சு.

— கணக்கை நான் கேக்கல. வாயைத் திறந்து முழுசா சொல்லுங்க.

— இந்தக் கேன்ல நீ நாப்பது சொட்டு குளோரின் விட்டதை நான் என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். போதுமா? இல்ல, கட்டைவிரலை உருட்டி ரேகை வெக்கணுமா?

— விளையாட்டு வேணாம். மூடியைக் குடுங்க. மார்க்கர் எங்க போச்சு?

— உன் காது மேல இருக்கு. தையல் மெஷின்ல உக்காந்தா பென்சில், இங்க உக்காந்தா மார்க்கர். உன் காதுக்கு ஒரு நாளும் லீவு கிடையாது.

— 'குடிதண்ணி'ன்னு எழுதி தேதி போட்டாச்சு. அஞ்சு முடிஞ்சுது. கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. வெளிச்சம் படக்கூடாது. அங்க உங்க பெட்ரோல் டப்பா எதுவும் இல்லையே?

— அதைப் போன வாரமே பால்கனிக்குத் துரத்திட்டே. எட்டும் முடிஞ்சா கட்டிலுக்கு அடியில ஆறு, பீரோ ஓரமா ரெண்டு. இனி இந்த வீட்ல நாம நின்னுக்கிட்டுதான் தூங்கணும்.

— வண்டியில மைக் கட்டிச் சொல்லிட்டுப் போனது காதுல விழுந்துச்சுல்ல? ஆத்துத் தண்ணி பம்ப் ஹவுஸ் வாசல் வரைக்கும் வந்துடுச்சாம். நாலு மணிக்கு நிறுத்திடுவாங்களாம். அதுக்கப்புறம் குழாய்ல என்ன வந்தாலும் வாயில வெக்காதீங்கன்னாங்க. இப்ப மணி என்ன?

— ரெண்டரை. குழாய் இன்னும் நல்லாத்தான் கொட்டுது. பதறாத.

— பதறல. எண்ணிப் பாக்கறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். ரெண்டு பேரு. பதினாலு நாள். நூத்திப் பன்னெண்டு லிட்டர். ஆறு கேன்.

— அப்ப எட்டு எதுக்கு?

— யாராவது வந்து கேட்டா இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கக்கூடாது. போன வெள்ளத்துல எத்தனை நாள் ஆச்சு?

— பதினோரு நாள்.

— எத்தனை கேன் வெச்சிருந்தோம்?

— மூணு. அது எதுக்கும்மா இப்ப?

— சும்மாதான். அடுத்த கேனைக் கொண்டாங்க.

— இந்தா, இதப் பாரு. எங்க பஸ் டிப்போலேருந்து நேத்து தூக்கிட்டு வந்தேன். பளபளன்னு புதுப்பொண்ணு மாதிரி இருக்குல்ல? கழுவியும் வெச்சுட்டேன். புனலை வை.

— இருங்க, மோந்து பாக்கறேன். இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?

— பெருசா ஒண்ணுமில்ல. ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட். பஸ்ஸு சூடாகாம இருக்க ஊத்துவோம்ல, அது. நாலு தடவை சோப்பு போட்டுத் தேச்சேன்.

— நாப்பது தடவை தேச்சாலும் பிளாஸ்டிக் உறிஞ்சினது உறிஞ்சினதுதான். குடிக்கற தண்ணி இருந்த கேன்லதான் குடிக்கற தண்ணி ஊத்தணும். இதை பாத்ரூம்ல வைங்க. தரை கழுவ ஆகும்.

— ஆசையா தூக்கிட்டு வந்தேன். கேட்ல வாட்ச்மேனுக்கு ஒரு டீ வேற வாங்கிக் குடுத்தேன்.

— பஸ்ஸுக்கு வாங்கினதை மனுஷனுக்கு ஊத்தப் பாத்தீங்க. பாத்ரூம்ல வைங்கன்னேன்.

— வெச்சாச்சு. இந்தா, பழைய கேனே வந்துடுச்சு. குழாயைத் திறக்கறேன்.

— மெதுவா. கையை உள்ள விடாதீங்க. புனலோட முனையைத் தொடாதீங்க.

— நான் எதையும் தொடல. சாமி கும்பிடற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்.

— நிறைஞ்சுடுச்சு. மூடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு… என்னங்க, இங்க பாருங்க. நீங்க பாக்கலைன்னா நான் முதல்லேருந்து விடணும்.

— பாத்துட்டுதான் இருக்கேன். உன் கையை நீயே நம்பலைன்னா எப்படிம்மா? குழம்புக்கு உப்பு போடக்கூட என்னைச் சாட்சிக்குக் கூப்பிடறே. எத்தனை வருஷமா இந்தப் பாடு?

— ஆறு வருஷமா. உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும். அதான் சொல்றேன், போதும்னு.

— ஊருக்கே தெரிஞ்சதுதானே. பெத்த பிள்ளைக்குக் குடுக்கற தண்ணியில மருந்து விட மறந்தவ. உங்க அம்மா அதைச் சொல்லித்தான் சொந்தக்காரங்ககிட்ட என்னைக் காட்டுவாங்க. எங்க அம்மா அதுகூடச் சொல்லல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. அப்படியே போயும் சேந்துட்டாங்க.

— துக்கத்துல இருந்தாங்க எல்லாரும். விடு.

— விட்டுட்டேன். மிளகு இருந்திருந்தா இப்ப பதினோரு வயசு.

— வேணாம்மா.

— மிளகுன்னு நீங்கதான் கூப்பிட ஆரம்பிச்சீங்க. உள்ளங்கை அளவு இருந்துக்கிட்டு என்ன காரம்னு. ஸ்கூல்ல பேரு கேட்டப்போகூட 'மிளகு'ன்னுதான் சொல்லிட்டு வந்தா. டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க.

— எத்தனையாவது சொட்டுல நின்னே?

— நாலு. இல்ல, மூணு. தெரியல. பாருங்க, அதுக்குத்தான் உங்களைப் பாக்கச் சொல்றேன்.

— அக்கா! இருக்கியா? கதவு ஆன்னு திறந்து கிடக்கு!

— தம்பியா? உள்ள வாடா. செருப்பை அங்கயே விடு, தண்ணி பிடிக்கற இடம். பாப்பா எப்படி இருக்கா?

— மேல் பல்லு ரெண்டு முளைச்சிருக்குக்கா. என் விரலைக் கடிச்சு வெச்சிருக்கா, பாரு. எட்டு மாசத்துக்கு என்னா கடி! மாமா, வணக்கம். ரெண்டு பேரும் தண்ணிக் கடையே போட்டுட்டீங்க போலிருக்கு.

— வா மச்சான். கொரியர் வண்டி இன்னிக்கும் ஓடுதா?

— எங்க ஓடறது! பாலத்துக்கிட்ட திருப்பி அனுப்பிட்டாங்க. பார்சல் எல்லாம் அப்படியே இருக்கு. ஒண்ணு சொல்லவா, அக்கா? உன்கிட்ட கேன் ஏதாவது மிச்சம் இருக்கா? எங்க வீட்ல குடமும் அண்டாவும்தான் இருக்கு. மூடி போட்டதா ஒண்ணும் இல்ல.

— இதுக்கா இவ்வளவு தயக்கம்? ரெண்டு மொட்டைமாடியில கவுத்து வெச்சிருக்கேன், ஷெட்டுக்குள்ள. நேத்தே சோப்பு போட்டு, ப்ளீச்சிங் தண்ணியில அலசி வெச்சது. எடுத்துட்டு வந்து இங்கயே பிடிச்சு, சொட்டு விட்டு, மூடி, தேதி போட்டுத் தந்துடறேன். மாமா பாத்துக்குவாரு. பாப்பாவுக்குக் குடுக்கறதை மட்டும் அப்பப்போ கொதிக்க வெச்சு ஆத்திக் குடுங்க.

— இல்லக்கா, வெறும் கேனே போதும்.

— வெறும் கேனை வெச்சு என்ன பண்ணப்போறே?

— வீட்ல பிடிச்சுக்கறோம். அங்கயும் நாலு மணி வரைக்கும் குழாய் வருமே.

— குளோரின் இருக்கா உங்க வீட்ல?

— வாங்கிக்கலாம்.

— கடையில காலையிலேயே தீந்துடுச்சு. நான் போன வாரம் வாங்கினது. உனக்கு எத்தனை சொட்டுன்னு தெரியுமா?

— அவ பாத்துக்கறேன்னா. போன்ல படிச்சு வெச்சிருக்கா.

— தம்பி.

— என்னக்கா?

— பொய் சொல்லும்போது உனக்கு மூக்கு அரிக்கும். சொறிஞ்சுக்கோ, நான் ஒண்ணும் நினைக்கல. உன் பொண்டாட்டி என்ன சொல்லி அனுப்பினா?

— ஒண்ணும் சொல்லலக்கா. சத்தியமா.

— சரி. நான் மாடிக்குப் போயி கேனை எடுத்துட்டு வர்றேன். மூடியை இன்னொரு தடவை அலசணும், பத்து நிமிஷம் ஆகும். என்னங்க, குழாயை மூடி வைங்க. நான் வர்றதுக்குள்ள எதையும் பிடிக்காதீங்க.

— நான் தூக்கிட்டு வர்றேனேம்மா. ஈரமா இருக்கும் படி.

— வேணாம். நான் பாத்து நடப்பேன்.

— போயிட்டாளா?

— போயிட்டாங்க மாமா. சே! என் மூக்கை வெட்டிப் போடணும்.

— என்ன சொன்னா உன் பொண்டாட்டி?

— விடுங்க மாமா. அவளுக்கு முதல் பிள்ளை. பயந்துக்கறா.

— என்ன சொன்னான்னு கேட்டேன்.

— 'கேன் மட்டும் வாங்கிட்டு வாங்க. உங்க அக்கா கையால தண்ணி வேணாம். பிள்ளை விஷயம்'னா. நான் சண்டை போட்டேன் மாமா. சத்தியமா போட்டேன். ஆனா ஒண்ணு சொல்லவா, எனக்கும் உள்ளுக்குள்ள இல்லாம இல்ல. நான் தூக்கிட்டுப் போனவன்ல. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாம, கழுத்தளவு தண்ணியில மிளகைத் தோள்ல வெச்சுக்கிட்டு நடந்தது நான்தானே. அந்தப் பாரம் இன்னும் இந்தத் தோள்லதான் இருக்கு.

— அவ மறக்கல.

— என்ன மாமா?

— உங்க அக்கா ஒண்ணையும் மறக்கல. சொட்டு விட்டா. அந்த மூணு கேன்லயும் விட்டா. நான் பக்கத்துல இருந்தேன்.

— அப்புறம் எப்படி…

— அந்தத் தண்ணியை மிளகு குடிக்கவே இல்ல.

— புரியல மாமா. விளக்கமா சொல்லுங்க.

— உக்காரு. அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன். இல்லன்னா எனக்கு இந்த ஜென்மத்துல வாய் வராது. ஒம்பதாம் நாள். ரெண்டு கேன் காலி. மழைத் தண்ணியைக் காய்ச்சி ஓட்டிட்டிருந்தோம், கேஸும் தீந்துடுச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேன். நிழலா இருக்கும்னு மாடி ஷெட்டுல வெச்சிருந்தோம். காலையிலேருந்து மிளகு தண்ணி, தண்ணின்னு அழுதுட்டே இருந்தா. நான் போயி தூக்கிட்டு வந்தேன். படியெல்லாம் பாசி. கால் வழுக்கிச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. கேன் பொளந்துடுச்சு.

— எல்லாம் போச்சா?

— இருபது லிட்டர். படிப்படியா இறங்கிப் போச்சு, பாத்துட்டே நின்னேன். யாரும் வரல. யாருக்கும் தெரியல. வந்து உங்க அக்காகிட்ட சொல்லியிருக்கணும். 'உடைச்சுட்டேன்டி'ன்னு ஒரு வார்த்தை. கத்தியிருப்பா. அவ்வளவுதான். பயந்துட்டேன், மச்சான். பொண்டாட்டி திட்டுவாளேன்னு பயந்துட்டேன். சின்னப் பையன் கண்ணாடி டம்ளரை உடைச்சுட்டுப் பயப்படுவான்ல, அந்த மாதிரி.

— அப்புறம்?

— டிப்போவுக்கு நடந்தேன். பின்னாடி ஒரு அடிபம்பு இருக்கும். முட்டி அளவு வெள்ளம் அதைச் சுத்தி. அங்க இருந்த வேற கேன்ல அடிச்சுப் பிடிச்சேன். பாக்கறதுக்குத் தெளிவாத்தான் இருந்துச்சு. அப்போ தேதி எழுதற பழக்கமெல்லாம் இல்ல. மருந்து விட்ட கேனுக்கு அடையாளமா, உங்க அக்கா யூனிஃபார்ம் தச்ச மிச்சத் துணியைக் கிழிச்சு, மூடியையும் கைப்பிடியையும் சேத்துக் கட்டி வெப்பா. உடைஞ்ச கேன்லேருந்து அந்தத் துணியை அவுத்தேன். இந்தக் கேன்ல கட்டினேன்.

— மருந்து?

— மருந்து பாட்டில் வீட்ல, அவ தையல் பெட்டிக்குள்ள இருந்துச்சு. அவ மத்தியானம் கண்ணசரும்போது எடுத்து விட்டுடலாம்னு நினைச்சேன். சமையல்கட்டுல கேனை வெச்சேன். அந்த நேரம் பாத்து டிப்போ போர்மேன் கீழேருந்து கூப்பிடறாரு. முப்பது பேரோட பஸ்ஸு ஒண்ணு தண்ணியில நிக்குது, வான்னு. போயிட்டேன். 'இதைத் தொடாத'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். அதைச் சொன்னா ஏன்னு கேப்பா. சொல்லாம போயிட்டேன்.

— எத்தனை மணி நேரம்?

— மூணு. வந்து பாக்கறேன், துணியை அவுத்திருக்கு. மிளகு சிரிச்சுட்டு உக்காந்திருக்கா. 'அப்பா, நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்'ங்கறா. நல்லாத்தானே இருக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். பேசாம மருந்து பாட்டிலைத் தேடி அந்தக் கேன்ல அப்போ விட்டேன். மறுநாள் ராத்திரி வாந்தியும் பேதியும் ஆரம்பிச்சுடுச்சு. மிச்சம் உனக்குத் தெரியும்.

— டாக்டர் தண்ணிதான் காரணம்னு சொன்னாரே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல!

— வாயைத் திறந்தேன். சத்தியமா திறந்தேன். அதுக்குள்ள உங்க அக்கா முந்திக்கிட்டா. 'நான்தான் டாக்டர், அந்தக் கேன்ல மருந்து விட மறந்துட்டேன்'னா. அவ சொன்னதும் என் வாய் மூடிக்கிச்சு. நாளைக்குச் சொல்லலாம், காரியம் முடியட்டும், மாசம் ஆகட்டும்னு… ஆறு வருஷம் ஓடிடுச்சு.

— மாமா, எங்க அம்மா சாகறப்போ அக்கா தலைமாட்டுல நின்னா. அம்மா கண்ணைத் திறந்து அக்காவைப் பாத்துட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நீங்களும் அங்கதானே நின்னீங்க?

— நின்னேன்.

— நின்னுக்கிட்டு எப்படி மாமா பாத்துட்டிருந்தீங்க?

— இப்ப அவ சொட்டு எண்ணறதை எப்படிப் பாக்கறேனோ அப்படித்தான்.

— உங்களை என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல. அடிக்கணும் போலவும் இருக்கு. எனக்கு பைக் ஓட்டக் கத்துக்குடுத்தது நீங்க. நான் ஒரு வருஷம் எங்க அக்காகிட்ட பேசல, மாமா. என் கூடப் பிறந்தவகிட்ட. அவ போன் பண்ணுவா, நான் எடுக்க மாட்டேன். யாருக்காக? உங்களுக்காகவா?

— திட்டு. நல்லா திட்டு.

— திட்டினா உங்களுக்குச் சுலபமாயிடும். திட்ட மாட்டேன். இப்ப அக்கா வருவா. நான் கேன் ரெண்டையும் கீழ கொண்டுபோயி வண்டியில வெச்சுக் கட்டிட்டு மேல வருவேன். அதுக்குள்ள நீங்க சொல்லியிருக்கணும். இல்லன்னா நான் சொல்வேன். நான் சொன்னா நல்லா இருக்காது.

— சொல்லிடறேன்.

— கண்ணைத் துடைங்க. படியில சத்தம் கேக்குது.

— என்ன, ரெண்டு பேரும் உக்காந்துட்டீங்க? இந்தா தம்பி. உள்ள ஒரு தூசு இல்ல, கண்ணை வெச்சுப் பாத்துட்டேன். மூடியும் அலசியாச்சு.

— அக்கா, நீயே பிடிச்சுக் குடு. நீயே மருந்தும் விடு.

— இப்பத்தான வெறும் கேன் போதும்னே?

— இப்பச் சொல்றேன், நீயே விடு. பாப்பாவுக்கு உன் கையால விட்டதுதான் வேணும்.

— பத்து நிமிஷத்துல என்ன ஆச்சு உனக்கு? மாமா திட்டினாரா? என்னங்க, புள்ளையை ஏன் மிரட்டினீங்க?

— நான் ஒண்ணும் சொல்லலம்மா.

— கண்ணு ஏன் செவந்திருக்கு? குளோரின் பட்டுச்சா? பாட்டிலைத் திறந்தீங்களா?

— இல்ல. தூசு.

— தம்பி, இங்க பாரு. உன் பொண்டாட்டி சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. நான் அவ இடத்துல இருந்தா நானும் அதைத்தான் சொல்வேன். வெறும் கேனை எடுத்துட்டுப் போ. மருந்துல பாதியை இந்தச் சின்ன பாட்டில்ல ஊத்தித் தர்றேன், சொட்டு மூடி இருக்கு. இருபது லிட்டருக்கு நாப்பது சொட்டு. அவ விடட்டும். நீ பக்கத்துல நின்னு எண்ணு.

— அக்கா…

— போடா, மணி மூணாகுது. உங்க வீட்ல போயிப் பிடிக்கணும்ல. பாப்பாவுக்கு ஒரு முத்தம் குடுத்தேன்னு சொல்லு. இல்ல, நீயே குடுத்துடு, நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்.

— வண்டியில வெச்சுட்டு ஒரு தடவை மேல வருவேன்க்கா. மாமா, வந்துடறேன்.

— எதுக்கு மறுபடி ஏறி இறங்கறே? என்னங்க இவன்! அதுக்குள்ள படி இறங்கிட்டான். ஏதாவது மறந்து வெச்சுட்டானா?

— இல்ல.

— சரி, ஏழாவதைப் பிடிங்க. ஆறாவதுல நான் முதல்லேருந்து விட்டுக்கறேன். நாலு சொட்டு கூடினா ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் வாசனை வரும், அவ்வளவுதான். ஒண்ணு…

— எண்ணாத. பாட்டிலைக் கீழ வை.

— மணி மூணுங்க.

— தெரியும். வை. இப்படி உக்காரு. இல்ல, நீ நில்லு, நான் உக்காந்துக்கறேன்.

— என்ன ஆச்சு? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?

— நீ மறக்கலம்மா.

— எதை?

— அன்னிக்கு நீ சொட்டு விட மறக்கல. மூணு கேன்லயும் விட்டே. நான் பாத்தேன். நீ விட்ட மூணாவது கேனை நான் மாடிப்படியில போட்டு உடைச்சுட்டேன். இருபது லிட்டரும் போச்சு. உன்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு, டிப்போ அடிபம்புல வேற கேன்ல பிடிச்சுட்டு வந்து வெச்சேன். உன் துணியை அவுத்து அதுல கட்டினேன். அப்புறமா மருந்து விட்டுக்கலாம்னு நினைச்சேன். போர்மேன் கூப்பிட்டாரு, போயிட்டேன். மிளகு குடிச்சது நான் கொண்டாந்த தண்ணி. நீ டாக்டர்கிட்ட மறந்துட்டேன்னு சொன்னப்போ நான் வாயைத் திறக்கல. என் அம்மா உன்னைப் பேசினப்போ திறக்கல. உன் அம்மா போனப்போ திறக்கல. பிள்ளையைக் கொன்னது நான். உன் கை ஒரு தப்பும் பண்ணல.

— இருங்க, பாட்டிலை மூடி வெச்சுடறேன்.

— பாட்டில் கிடக்கட்டும். அடிக்கணும்னா அடி. உன் தம்பி வந்தா அவன்கூடப் போகணும்னா போ, நான் தடுக்க மாட்டேன்.

— படியிலயா உடைஞ்சுது?

— ஆமா. கால் வழுக்கிடுச்சு.

— அடிபட்டுச்சா உங்களுக்கு?

— என்னம்மா கேக்கறே? நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. படியில உடைஞ்சுதுன்னு மட்டும் எனக்குத் தெரியாது. பாவம் பாத்து யாருக்கோ குடுத்துட்டீங்களோன்னு நினைச்சிட்டிருந்தேன்.

— அப்படின்னா… நீ எப்ப நினைச்சே?

— அந்தத் துணியை எப்படிக் கட்டினீங்க?

— எப்படின்னா? எப்பவும் பஸ் டயரைக் கயிறு போட்டுக் கட்டற மாதிரிதான். இறுக்கி, ரெண்டு முடிச்சு.

— நான் முடிச்சுப் போட்டா ஒரு இழுப்புல வந்துடும். நாளெல்லாம் ஊசியும் நூலும் பிடிக்கறவளுக்கு அது கைப்பழக்கம். அன்னிக்கு வரல. பல்லால கடிச்சுதான் அவுத்தேன். அவுக்கும்போதே, இது என் கேன் இல்லன்னு தெரிஞ்சுடுச்சுங்க.

— தெரியுமா உனக்கு?

— மருந்து என் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. கை நீட்டினா எடுத்திருக்கலாம். ஆனா சொட்டு விட்டா அரை மணி நேரம் வெக்கணும். அவ என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதுட்டிருந்தா. உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. அரை மணி நேரம் என்னால முடியல.

— ஐயோ… அப்ப ஏன் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னே?

— மறந்துட்டேன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேங்க.